முழங்கால் ஆர்த்ராஸ்கோபிக்குப் பிறகு: கட்டிலில் இருந்து வயல் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

முழங்காலில் ஆர்த்ராஸ்கோபி, அதாவது சின்னத் துளை வழியே கேமரா விட்டுச் செய்யும் மூட்டுச் சிகிச்சை, செய்துகொண்டு வந்தவரின் கட்டைப் பிரித்ததும், பார்க்க வந்தவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "இவ்வளவுதானா?" அரை சென்டிமீட்டர் அளவில் இரண்டு மூன்று துளைகள், துளைக்கு ஒரு தையல். இதைப் பார்த்துவிட்டு, பத்து நாளில் எழுந்து நடமாடிவிடலாம் என்று சொந்தபந்தமே கணக்குப் போட்டுவிடும். தையலை வைத்துப் போடும் அந்தக் கணக்கு பல பேருக்குப் பொருந்தாது. உள்ளே என்ன வேலை நடந்தது என்பதுதான் நாள் கணக்கைத் தீர்மானிக்கிறது. ஒருவர் இரண்டு வாரத்தில் அலுவலகம் போய்விடுவார், இன்னொருவர் ஆறு வாரம் ஊன்றுகோலோடு இருப்பார். இரண்டு பேர் காலிலும் தழும்பு ஒரே மாதிரிதான் இருக்கும்.

கீழே சொல்லியிருப்பவை பொதுவாக நடப்பவை. உங்கள் மருத்துவர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் சொன்னதே சரி, ஏனென்றால் மூட்டுக்குள்ளே பார்த்தவர் அவர்தான்.

படி 1: போவதற்கு முன்பே செய்ய வேண்டியவை

கிழிந்த ஜவ்வு நடுவில் சிக்கி முழங்கால் பூட்டிக்கொண்டு, நீட்டவே முடியாமல் போனால் தள்ளிப்போடக் கூடாது. அந்த அவசரம் இல்லாதவர்கள் காலம் பார்த்துப் போகலாம். நம் காவிரி டெல்டாவில் ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்துவிட்டால் குறுவை, அப்புறம் சம்பா, தாளடி என்று தை அறுவடை வரை வயல் ஆளை விடாது. ஐப்பசி, கார்த்திகையில் வாசலும் முற்றமும் நனைந்தே கிடக்கும். ஊன்றுகோல் வழுக்க அதைவிடத் தோதான இடம் கிடையாது. அறுவடைக்கு முன் தெளித்த உளுந்தும் பயறும் முளைத்து நிற்கும் மாசி, பங்குனிதான் நம் பக்கத்து விவசாயக் குடும்பங்களுக்குத் தோதான மாதங்கள். சேற்றில் இறங்கியே ஆக வேண்டும் என்ற நெருக்கடி அப்போது இருக்காது, அடுத்த நடவுக்குள் காலும் தேறிவிடும்.

இன்னொன்றையும் முன்கூட்டியே கேளுங்கள். வயதாகி மூட்டு தேய்ந்ததால்தான் வலி என்றால், ஆர்த்ராஸ்கோபியால் உண்மையிலேயே பலன் உண்டா? அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் நடந்து 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், தேய்மானம் உள்ளவர்களில் சிலருக்கு மூட்டைக் கழுவிச் சுத்தம் செய்தார்கள். சிலருக்குத் தோலில் கீறல் மட்டும் போட்டுத் தைத்தார்கள். வலி குறைந்ததில் இரு தரப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 2017-இல் சர்வதேச நிபுணர் குழு ஒன்றும், தேய்மான மூட்டுக்கு இந்தச் சிகிச்சை வேண்டாம் என்றே பரிந்துரைத்தது. இளம் வயதில் அடிபட்டுக் கிழிந்த மூட்டின் கதை வேறு. இந்தக் கேள்வியைக் கேட்டால் நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், இந்தச் சிகிச்சையும் அந்த மருத்துவமனையும் திட்டத்தில் இருக்கிறதா என்று சேரும் முன்பே விசாரியுங்கள். ஒப்புதல் வாங்கிய பிறகுதான் சிகிச்சை நடக்கும் என்பதால், பணம் கட்டிவிட்டு அட்டையை நீட்டினால் சிக்கல்.

வீட்டில் மூன்று ஏற்பாடுகள் வேண்டும். தரையில் பாய் விரித்துப் படுப்பவருக்குக் கீழ்த்தளத்தில் ஒரு கட்டில். கைப்பிடியுள்ள உயரமான நாற்காலி. கழிப்பறையில் குந்தி உட்காரும் பீங்கான்தான் இருக்கிறது என்றால், அதன் மேலே வைத்துக்கொள்ளும் கமோடு நாற்காலி. தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் என்று எந்த ஊரிலும் சர்ஜிக்கல் கடையில் இது கிடைக்கும். ஊன்றுகோலையும் முன்பே வாங்கி, வலி இல்லாத காலத்திலேயே வீட்டுக்குள் நடந்து பழகிவிடுங்கள். சிகிச்சைக்குப் பிறகு மயக்கமும் வலியுமாக இருக்கும்போது பழகுவது பெரும்பாடு.

சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்றவை, நாட்டு மருந்து எல்லாவற்றையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். காலில் உள்ள முடியை வீட்டிலேயே பிளேடால் வழித்துக்கொண்டு போகாதீர்கள். சின்னக் கீறல் விழுந்தாலும் அது கிருமிக்கு வாசல். வெறும் வயிறு என்றால் பொதுவாக 6 மணி நேரம் சாப்பாடு கூடாது, 2 மணி நேரம் தண்ணீரும் கூடாது. விடிகாலை காபி இல்லாமல் கண் திறக்காத ஊர் நம்முடையது, ஆனால் பால் கலந்த காபியும் இந்தக் கணக்கில் சாப்பாடுதான்.

படி 2: சிகிச்சை நாள்

பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வார்கள். மூட்டுக்குள் உப்பு நீரைச் செலுத்தி விரித்து, ஒரு துளை வழியே கேமராவையும் இன்னொன்றின் வழியே கருவியையும் விடுவார்கள். அன்று மாலையோ மறுநாளோ வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

கால் உணர்வு திரும்பச் சில மணி நேரம் ஆகும். அதுவரை கட்டிலை விட்டுத் தனியாக இறங்கக் கூடாது. சிறுநீர் கழிக்க முடியாமல் வயிறு உப்பினால் வெட்கப்படாமல் நர்ஸிடம் சொல்லுங்கள், முதுகு ஊசிக்குப் பிறகு அது வழக்கமாக வருவதுதான். வீட்டுக்கு வந்த பிறகு, உட்கார்ந்தால் மண்டையைப் பிளக்கும் தலைவலியும் படுத்தால் நிம்மதியும் என்று இருந்தால், அதுவும் ஊசியின் வேலையாக இருக்கலாம். காபி குடித்தால் கொஞ்சம் தணியும், ஆனாலும் மருத்துவரிடம் சொல்லத்தான் வேண்டும்.

திருச்சியிலோ சென்னையிலோ செய்துகொண்டு ஊர் திரும்புகிறவர்கள் காரின் பின் சீட்டில் காலை நீட்டி வைத்துக்கொண்டு வாருங்கள். வழி நெடுக கணுக்காலை மேலும் கீழும் அசைத்துக்கொண்டே இருங்கள். பஸ்ஸின் முதல் படி இந்தக் காலுக்கு ரொம்ப உயரம்.

படி 3: டிஸ்சார்ஜ் சம்மரியைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்

இதுதான் முக்கியமான படி. "ஜவ்வு ஆபரேஷன்" என்று மட்டும் தெரிந்துகொண்டு வீட்டுக்கு வந்தால் போதாது. மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்பு வளையமா, மூட்டின் நடுவே எலும்புகளை இணைக்கும் ஏ.சி.எல். தசைநாரா, வெட்டினார்களா, தைத்தார்களா என்று தெரிய வேண்டும்.

கிழிந்த மெனிஸ்கஸின் ஓரத்தை மட்டும் வெட்டிச் சீராக்கியிருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. அன்றோ மறுநாளோ காலை ஊன்றி நடக்கலாம். ஊன்றுகோல் சில நாள் முதல் ஒரு வாரம் வரை தேவைப்படும்.

மெனிஸ்கஸைத் தைத்திருந்தால் நிலைமை தலைகீழ். அந்தத் தையல் பிடிக்க வேண்டும். அங்கே ரத்த ஓட்டமோ குறைவு. 4 முதல் 6 வாரம் வரை ஊன்றுகோலும், காலைப் பிடித்து நிறுத்தும் பிரேஸ் என்ற பட்டையும் இருக்கும், 90 டிகிரிக்கு மேல் மடக்க விடமாட்டார்கள். வெட்டியவர் சீக்கிரம் நடக்கிறாரே என்று தைத்தவர் ஏங்கத் தேவையில்லை. தைத்தவருக்குத் தன் மெனிஸ்கஸ் மிச்சம் இருக்கிறது, பிற்காலத் தேய்மானத்துக்கு அது நல்லது.

எலும்பில் நுண்துளை போட்டுக் குருத்தெலும்பை வளர வைக்கும் சிகிச்சை என்றால் 6 முதல் 8 வாரம் வரை அந்தக் காலில் பாரம் போடவிடாமல் வைப்பது வழக்கம். ஏ.சி.எல். புதிதாகக் கட்டியிருந்தால் நடை சில வாரங்களில் வந்துவிடும். ஆனால் கபடி, கால்பந்துக்கு 9 மாதமாவது ஆகும். வலி இல்லை என்பதை நம்பிப் பொங்கல் கபடியில் இறங்கி, கட்டியதை மறுபடி அறுத்துக்கொள்கிற பையன்கள் உண்டு. புதிய தசைநார் முதல் சில மாதங்களில் உள்ளுக்குள் பலவீனமாகத்தான் இருக்கும். வலி அதைக் காட்டிக்கொடுக்காது.

கேட்க வேண்டியவை நான்கு: எவ்வளவு பாரம் போடலாம், எவ்வளவு மடக்கலாம், பிரேஸ் எத்தனை வாரம், தையல் பிரிக்க எப்போது வர வேண்டும். பதிலைத் தமிழில் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 4: முதல் சில நாள்கள்

ஊசியின் வீரியமும், மூட்டுக்குள் விட்ட மரப்பு மருந்தும் இறங்கிய பிறகு, முதல் இரவில்தான் வலி நிஜமாகத் தெரியும். வலி ஏறட்டும் என்று காத்திருக்காமல், எழுதிக்கொடுத்த நேரப்படி மாத்திரையைப் போட்டுவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: எழுதித் தரும் வலி மாத்திரை பலவற்றில் பாராசிட்டமால் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். அது போதவில்லை என்று மெடிக்கலில் தனியாக ஒரு பாராசிட்டமால் 650 வாங்கிப் போட்டால், ஒரே மருந்து இரண்டு மடங்காகிவிடும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் வீட்டில் கிடக்கும் பழைய வலி மாத்திரையைத் தொடவே கூடாது.

வீக்கத்துக்கு ஐஸ். ஐஸ் கட்டிகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, துண்டில் சுற்றி, 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை வைக்கலாம். பாட்டிமார்கள் வெந்நீர் ஒத்தடம் கொடுக்க வருவார்கள். இந்த நாள்களில் சூடு வீக்கத்தைக் கூட்டும், ஆகவே அன்பாக மறுத்துவிடுங்கள். படுத்திருக்கும்போது கால் நெஞ்சுக்கு மேலே இருக்கும்படி தூக்கி வையுங்கள்.

தலையணையை எங்கே வைப்பது என்பதில் நிறைய பேர் தவறுகிறார்கள். முழங்காலுக்கு அடியில் வைத்தால் சுகமாக இருக்கும். ஆனால் மூட்டு மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். குதிகாலுக்கும் கெண்டைக்கும் அடியில் வையுங்கள், முழங்கால் அந்தரத்தில் நேராக நிற்கட்டும். முழுதாக நீட்ட முடியாத கால், எத்தனை மாதம் ஆனாலும் நொண்டும்.

மூட்டுக்குள் களக் களக் என்று சத்தம், துளையைச் சுற்றித் தோல் மரத்திருப்பது, தொடையிலும் கெண்டையிலும் நீலம் பாய்ந்து அது கீழே இறங்குவது, முதல் நாள் கட்டுத்துணியில் இளஞ்சிவப்பாக நீர் கசிவது - இவையெல்லாம் வரக்கூடியவையே. சத்தம் சில வாரங்களில் அடங்கும், மரப்புக்கு மாதக் கணக்கில் கூட ஆகலாம்.

படி 5: பயிற்சி, அன்றே தொடங்குவது

பிசியோதெரபிஸ்ட் வரும் வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. கணுக்காலை மேலும் கீழும் ஆட்டுவதை விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் செய்யுங்கள், ரத்தம் உறையாமல் இருக்க அதுதான் எளிய வழி. அடுத்தது, காலை நீட்டிப் படுத்து, முழங்காலின் பின்பக்கத்தால் மெத்தையை அமுக்கி, தொடையின் முன்தசையை இறுக்கி 5 விநாடி பிடித்து விடுவது. ஒரு தடவைக்குப் பத்து, ஒரு நாளைக்கு மூன்று தடவை.

முதலில் தசை சொன்ன பேச்சைக் கேட்காது. பயப்பட வேண்டாம், மூட்டில் நீர் கோத்திருக்கும்போது தொடைத் தசையை இயக்கும் நரம்பு தானாகவே அடங்கிப்போகும். நடக்கும்போது முழங்கால் திடீரென்று மடங்கி விழப்பார்ப்பதும் இதனால்தான். அதனால் தொடைத் தசையை நன்றாக இறுக்க முடிந்த பிறகுதான் ஊன்றுகோலை விட வேண்டும்.

அப்புறம், மடக்காமல் நேராக வைத்து காலை ஒரு சாண் உயரம் தூக்குவது. மடக்க அனுமதி இருந்தால் குதிகாலைப் படுக்கையில் இழுத்து மெல்ல மடக்குவது. தைத்த மூட்டுக்காரர்கள் இந்தக் கடைசிப் பயிற்சியை மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டிச் செய்யவே கூடாது.

இன்று அதிகமா செய்தோமா என்று தெரிந்துகொள்ள எளிய சோதனை உண்டு. மாலையில் வீங்குவது சகஜம். மறுநாள் காலை எழும்போதும் முந்தின நாள் காலையைவிட வீக்கம் கூடுதலாக இருந்தால், நேற்றுச் செய்ததில் பாதிதான் இன்று.

பிசியோதெரபிக்கு டவுனுக்குப் போய்வர முடியாதவர்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், தேவைப்படுகிறவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருவதும் சேர்ந்திருக்கிறது.

படி 6: காயமும் குளியலும்

கனமான கட்டை ஓரிரு நாளில் அவிழ்த்துச் சின்னப் பிளாஸ்திரி போடுவார்கள். தையல் பெரும்பாலும் 10 முதல் 14 நாளில் பிரிப்பார்கள். அதுவரை காயம் நனையக் கூடாது. காலைப் பிளாஸ்டிக் பையால் சுற்றிக் கட்டி, நாற்காலியில் உட்கார்ந்து குளியுங்கள். காலை வேறொரு முக்காலியில் நீட்டிக்கொள்ளலாம்.

ஆறு, குளம், வாய்க்கால் எதுவும் துளை முழுதாக மூடிக் காயும் வரை கூடாது. தையல் பிரித்த அன்றே இறங்கக் கூடாது, இன்னும் ஒரு வாரமாவது பொறுங்கள். ஆடிப்பெருக்குக்குப் படித்துறையில் கூட்டத்தோடு இறங்குவது காயம் ஆறியவருக்கும் வேண்டாத வேலை. பாசி பிடித்த படியில் கால் ஒருமுறை முறுக்கினால் போதும்.

மஞ்சள், பத்து, தைலம் எதையும் துளை மேல் பூசாதீர்கள். எண்ணெய் போட்டுக் கெண்டைக்காலை நீவிவிடுவது இன்னும் மோசம். உள்ளே ரத்தக்கட்டி இருந்தால் அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். சாப்பாட்டில் பத்தியம் ஒன்றும் கிடையாது. முட்டை, மீன், பருப்பு எல்லாம் காயம் ஆற உதவுபவைதான். கத்தரிக்காய் சாப்பிட்டால் சீழ் பிடிக்கும் என்பதை நம்பி யாரையும் பட்டினி போடாதீர்கள். வீரியமான வலி மாத்திரை மலச்சிக்கலைக் கொண்டுவரும், அதற்குத் தண்ணீர், கீரை, வாழைத்தண்டு. சர்க்கரை உள்ளவர்கள், பார்க்க வருகிறவர்கள் கொண்டுவரும் இனிப்புக்கும் பழத்துக்கும் ஒரு கணக்கு வையுங்கள். சர்க்கரை ஏறினால் காயம் ஆறுவது தள்ளிப்போகும்.

எப்போது காத்திருக்கக் கூடாது

நெஞ்சு வலி, மூச்சு இறைப்பு, இருமலில் ரத்தம்: உடனே 108. ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போனதன் அடையாளமாக இருக்கலாம்.

கெண்டைக்கால் கல்லாக இறுகி வலித்தாலோ, ஒரு பக்கம் மட்டும் வீங்கினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டுவது, துளையிலிருந்து சீழ் வருவது, சிவப்பு பரவுவது, குறைந்துகொண்டு வந்த வலி திடீரென்று கூடுவது, பாதம் சில்லிட்டுப் போவது - இவற்றுக்கும் அப்படித்தான். மூட்டுக்குள் கிருமி போவது அரிது, ஆனால் போனால் ஒவ்வொரு நாளும் குருத்தெலும்பு கரையும். ஞாயிற்றுக்கிழமை, விசேஷ நாள் என்று பார்க்காதீர்கள்.

படி 7: படி, தரை, அடுக்களை

படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது சிகிச்சை செய்த கால் முதலில். ஊன்றுகோல் எப்போதும் சிகிச்சைக் காலோடு சேர்ந்து போகும். ஒரே கோலாக மாறிய பிறகு, அதை நல்ல கால் பக்கத்துக் கையில் பிடியுங்கள். வலிக்கிற பக்கமே பிடிக்கத்தான் எல்லாருக்கும் தோன்றும். கோலின் அடியிலுள்ள ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். சிமெண்டுத் தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடந்தாலும் வழுக்கும்.

நம் வாழ்க்கை பாதி தரையில்தான் நடக்கிறது. இலை போட்டுச் சாப்பிட, அரிவாள்மணையில் காய் நறுக்க, கோலம் போட, பால் கறக்க, எல்லாவற்றுக்கும் முழங்கால் முழுதாக மடங்க வேண்டும். அந்த முழு மடக்கம்தான் கடைசியாகத் திரும்பி வரும். மெனிஸ்கஸை வெட்டியவர்கள் ஆறு வாரத்துக்குப் பிறகு, ஒரு கம்பியையோ ஜன்னலையோ பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் குந்திப் பழகலாம். தைத்தவர்களுக்கு நான்கு மாதம் வரை அந்தப் பேச்சே கிடையாது, சிலருக்கு இன்னும் அதிகம். சம்மணம் போடுவதில் மடக்கத்தோடு முறுக்கும் சேர்ந்து வருவதால் அதை இன்னும் தள்ளி வையுங்கள்.

இதில் பெண்கள்தான் அதிகம் சிரமப்படுகிறார்கள் என்பது என் எண்ணம். ஆண் படுத்தால் ஓய்வு, பெண் படுத்தால் "அடுப்படியில் யாரு?" என்ற கேள்வி. முதல் இரண்டு வாரம் சமையல், தண்ணீர் தூக்குவது, துணி துவைப்பது மூன்றையும் யார் செய்வது என்று சிகிச்சைக்கு முன்பே வீட்டில் பேசி முடித்துவிடுங்கள். அப்புறமும் மேடையருகே உயரமான ஸ்டூல் போட்டு உட்கார்ந்துதான் சமைக்க வேண்டும்.

படி 8: வேலைக்குத் திரும்புவது

இந்தக் கணக்கு மெனிஸ்கஸின் ஓரத்தை வெட்டியவர்களுக்கு மட்டும். உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு ஒன்று முதல் இரண்டு வாரம். நாளெல்லாம் நிற்கும் கடை வேலைக்கு மூன்று, நான்கு வாரம். மூட்டை தூக்குவதற்கும் வயல் வேலைக்கும் ஆறு முதல் எட்டு வாரம். டூவீலர் ஓட்ட, காலில் முழு பலமும் சட்டென்று பிரேக் மிதிக்கும் தைரியமும் வேண்டும், தூக்கம் வரவைக்கும் மாத்திரையும் நின்றிருக்க வேண்டும். கிக் ஸ்டார்ட் வண்டியை வேறு யாராவது உதைத்துத் தரட்டும்.

வயல் வேலை என்றாலும் எல்லாம் ஒன்றல்ல. வரப்பில் நின்று தண்ணீர் பார்ப்பதுதான் முதலில், அதுவும் கோலோடு. சேற்றில் இறங்குவது கடைசி. சேறு பாதத்தைப் பிடித்துக்கொள்ளும், உடம்பு திரும்பும், நடுவில் முறுக்கை வாங்குவது முழங்கால்தான். மெனிஸ்கஸ் கிழிவதும் அதே முறுக்கில்தான். இறங்கும் முன் வீட்டிலேயே பாருங்கள்: முழங்கால் முழுதாக நீள்கிறதா, சிகிச்சைக் காலில் மட்டும் தள்ளாடாமல் நிற்க முடிகிறதா, பிடிக்காமல் மாடிப்படி இறங்க முடிகிறதா, தொடை மற்ற தொடையளவுக்குத் தேறிவிட்டதா. இதில் ஒன்று இல்லையென்றாலும் சேறு வேண்டாம். சுவாமிமலையின் 60 படிகளுக்கு வேண்டுதல் வைத்திருந்தால் அதற்கும் இதே சோதனைதான்.

ஆறு வாரம் ஆகியும் கால் முழுதாக நீளவில்லை, அல்லது பழைய மாதிரியே பூட்டிக்கொள்கிறது என்றால், பயிற்சியைக் கூட்டிப் பார்க்காமல் டிஸ்சார்ஜ் சம்மரியையும் பழைய ஸ்கேனையும் எடுத்துக்கொண்டு அதே மருத்துவரிடம் திரும்பப் போங்கள்.